கையெழுத்து நம்முடையது, பிழை யாருடையது?

சென்ற ஆண்டு கட்சிப் பணி நிமித்தமாகப் பெங்களூரு சென்றிருந்தபோது, பொதுத்துறை ஆலை ஒன்றில் முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்து அப்போதுதான் ஓய்வுபெற்றிருந்த தமிழ்த் தோழர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த அச்சுப்படிகளை எடுத்து மேசைமேல் விரித்தார். "தோழர், நீங்கள் ஆங்கிலத்தைத் தமிழாக்குகிறவர். இதில் என்ன எழுதியிருக்கிறது, நான் என்ன குற்றம் செய்தேன் என்பதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

அது வருமான வரித் துறையின் அறிவிப்பு. 2022-23 நிதியாண்டுக்கு அவர் செலுத்த வேண்டிய வரியும் வட்டியுமாக ஏறத்தாழ 67,000 ரூபாய் பாக்கி என்று அது கூறியது. தோழர் எந்த வருமானத்தையும் மறைக்கவில்லை. ஆலை அவருக்குக் கொடுத்த ஊதியம் முழுவதும் கணக்கில் இருந்தது. ஊதிய ஒப்பந்தத்துக்காகத் தொழிற்சங்கங்கள் நடத்திய நீண்ட போராட்டத்தின் விளைவாக, மூன்றாண்டு நிலுவைத் தொகையான 3 லட்சம் ரூபாய் அந்த ஆண்டில் ஒருசேரக் கைக்கு வந்திருந்தது. அதைக் கொண்டு அவர் பழைய கடன்களை அடைத்திருந்தார். இப்போது அந்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அரசு திருப்பிக் கேட்கிறது.

காரணத்தைத் தேடிப் படித்தபோது தெரிந்தது. அவருடைய கணக்கைத் தாக்கல் செய்தவர் ஒரு படிவத்தை இணைக்க மறந்துவிட்டார். அந்த ஒரு மறதியின் விலைதான் 67,000 ரூபாய். மறந்தவர் அதைச் செலுத்தப் போவதில்லை. சட்டத்தின் கண்ணில் அப்படி ஒருவர் இல்லவே இல்லை.

இது ஒரு தனிமனிதரின் துரதிருஷ்டம் என்று கடந்துபோகக் கூடிய செய்தி அன்று. ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் நம்பி வாழும் பல்லாயிரம் குடும்பங்களின் மீது ஆண்டுதோறும் இறங்கும் சுமை இது. ஆனால் நம் சங்கக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு இடம் கிடைப்பதில்லை. ஏன் கிடைக்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடுபட்ட ஒரு படிவம்

நிலுவைத் தொகையின் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். தோழரின் வரிக்குரிய வருமானம், கழிவுகள் போக, அந்த ஆண்டில் 4,20,000 ரூபாய். பழைய வரிமுறையில் 5 லட்சம் வரை வரித் தள்ளுபடி உண்டு என்பதால், அவர் ஒரு ரூபாயும் வரி கட்ட வேண்டியதில்லை. முந்தைய மூன்றாண்டுகளிலும் அதே நிலைதான். ஒவ்வோராண்டின் 1 லட்சம் ரூபாயும் அந்தந்த ஆண்டிலேயே கொடுக்கப்பட்டிருந்தால், அப்போதும் அவர் 5 லட்சத்தைத் தாண்டியிருக்க மாட்டார்; வரியும் வந்திருக்காது.

நிர்வாகம் ஒப்பந்தத்தை இழுத்தடித்தது. மூன்றாண்டுப் பணமும் ஒரே ஆண்டில் வந்தது. வருமானம் 7,20,000 ஆக உயர்ந்தது. தள்ளுபடி போயிற்று. வரி 56,500 ரூபாய், அதன் மீது 4 விழுக்காடு மேல்வரி, ஆக 58,760 ரூபாய். தாமதம் செய்தது முதலாளி. வரி விழுவது தொழிலாளி மீது.

இந்த அநீதியைச் சட்டம் அறியாமல் இல்லை. வருமான வரிச் சட்டத்தின் 89ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. நிலுவைத் தொகையை அது உரிய ஆண்டுகளுக்குப் பிரித்துக் கணக்கிட்டு, கூடுதலாக விழும் வரியை நீக்கிக்கொள்ள அது வழி செய்கிறது. தோழரின் விஷயத்தில் 58,760 ரூபாயும் அப்படியே நீங்கிவிடும். ஆனால் அந்த நிவாரணத்தைக் கோருவதற்கு 10ஈ என்னும் படிவத்தை இணையத்தில் தனியே தாக்கல் செய்ய வேண்டும்; வருமானக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கு முன்பே செய்ய வேண்டும். தோழரின் கணக்கில் நிவாரணத் தொகை எழுதப்பட்டிருந்தது. 10ஈ படிவம் இல்லை. கணினி நிவாரணத்தை மறுத்தது. மறுத்த தொகையை வரியாக்கியது. மாதம் 1 விழுக்காடு வட்டியைக் கூட்டியது. மனிதர் எவரும் அதைப் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்த அடி இதைவிடக் கொடியது. அறிவிப்பு 2023 டிசம்பரிலேயே வந்திருந்தது. டிசம்பர் 31க்குள் படிவத்தைத் தாக்கல் செய்து, திருத்திய கணக்கையும் கொடுத்திருந்தால் தொல்லை தீர்ந்திருக்கும். ஆனால் தோழருக்கு அது தெரியாது. ஆலை வாயிலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையின் உள்ளறையில் அமர்ந்து, ஆளுக்கு 500 ரூபாய் வாங்கிக்கொண்டு கணக்குத் தாக்கல் செய்துவந்தவர், துறையின் இணையதளத்தில் தம்முடைய மின்னஞ்சலையே பதிவு செய்திருந்தார். கடவுச்சொல்லும் அவரிடமே இருந்தது. எட்டு மாதம் கழித்து, அடுத்த ஆண்டுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டிய சிறு தொகையைப் பழைய பாக்கியில் கழித்துக்கொள்ளப் போவதாகத் துறை தெரிவித்தபோதுதான், தோழரின் மருமகன் இணையதளத்தைத் திறந்து பார்த்தார். அதற்குள் அந்தக் கடை இடம் மாறிவிட்டிருந்தது.

பிழைகளின் குடும்பம்

10ஈ படிவம் ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. எதிர்பாராத வரிப் பாக்கி பல வழிகளில் வருகிறது.

2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையே இயல்பான முறையாக ஆக்கப்பட்டது. வீட்டுக் கடன் வட்டி, வருங்கால வைப்பு நிதி, வீட்டு வாடகைப் படி முதலியவற்றுக்குக் கழிவு வேண்டுமானால் பழைய முறையை வெளிப்படையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதையும் குறித்த நாளுக்குள் தாக்கல் செய்யும் கணக்கிலேயே செய்ய வேண்டும். தாக்கல் செய்பவர் ஒரு கட்டத்தில் குறியிட மறந்தாலோ, ஒரு வாரம் தாமதித்தாலோ, கழிவுகள் அனைத்தும் உதிர்ந்துவிடும். ஆலை பழைய முறைப்படி வரி பிடித்திருக்கும், கணினி புதிய முறைப்படி கணக்கிடும், இடைவெளி பாக்கியாகும்.

ஆண்டின் நடுவில் வேலை மாறிய இளைஞருக்கு இரண்டு முதலாளிகளும் தனித்தனியே அடிப்படை விலக்கு கொடுத்திருப்பார்கள். தாக்கல் செய்பவர் ஒரு படிவம் 16ஐ மட்டும் பார்த்திருப்பார். வங்கி வைப்புத்தொகைக்கான வட்டியை விட்டிருப்பார். வங்கி அதைத் துறைக்குத் தெரிவித்திருக்கும். 2021 நவம்பரில் தொடங்கப்பட்ட ஆண்டுத் தகவல் அறிக்கையில் வட்டி, பங்கு விற்பனை, பெரும் செலவு எனப் பலவும் பதிவாகின்றன. தொழிலாளியைப் பற்றி அரசுக்குத் தெரிந்த அளவு தொழிலாளிக்கே தெரியாத நிலை இது.

பிழை முதலாளியிடம் இருப்பதும் உண்டு. ஊதியத்தில் வரியைப் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விடுவார்கள். அல்லது தவறான பான் எண்ணில் கட்டுவார்கள். அறிவிப்பு தொழிலாளிக்கு வரும். பிடித்தம் செய்யப்பட்ட வரியைத் தொழிலாளியிடம் மீண்டும் கேட்கக் கூடாது என்று சட்டத்தின் 205ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மூடப்பட்ட விமான நிறுவனம் ஒன்றின் ஊழியர் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2023இல் இதை மீண்டும் உறுதி செய்தது. ஆயினும் சட்டம் சொன்னதைப் பெறுவதற்கு ஊழியர் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

அரசு விலகிய இடத்தில் இடைத்தரகர்

வருமான வரி விதிப்பது அரசின் வேலை. ஆனால் கணக்கிடும் வேலையை அரசு குடிமகனிடம் ஒப்படைத்துவிட்டது. சுயமதிப்பீடு என்று இதற்குப் பெயர். படிவங்களோ ஆண்டுதோறும் மாறுகின்றன. ஒரே நேரத்தில் இரண்டு வரிமுறைகள் நடைமுறையில் உள்ளன. அறிவிப்பு ஆங்கிலத்தில் வருகிறது. இந்நிலையில் தொழிலாளி யாரிடமாவது போயே ஆக வேண்டும். பட்டயக் கணக்காளரிடம் போக வசதி இல்லாதவர், தெருமுனையில் "ஆடிட்டர்" என்று அழைக்கப்படுபவரிடம் போகிறார்.

அந்தத் தெருமுனை மனிதரையும் வில்லனாக்க நான் விரும்பவில்லை. அவரும் பெரும்பாலும் வேலை கிடைக்காத ஒரு வணிகவியல் பட்டதாரி. ஜூலை மாதத்தில் நாளொன்றுக்கு ஐம்பது கணக்குகளைத் தட்டச்சு செய்து ஆண்டு முழுவதற்குமான பிழைப்பைத் தேடிக்கொள்கிறவர். அவருக்குப் பயிற்சி இல்லை, உரிமம் இல்லை, மேற்பார்வை இல்லை. பட்டயக் கணக்காளர் தவறிழைத்தால் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்களுடைய நிறுவனத்தில் ஒழுங்கு நடவடிக்கை கோரலாம். இவர் மீது அப்படிப் புகார் செய்ய ஓர் இடமில்லை.

சட்டமோ கையெழுத்திட்டவரை மட்டுமே அறியும். இன்று அந்தக் கையெழுத்து பெரும்பாலும் ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண். "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கள்" என்று அவர் கேட்கிறார். தொழிலாளி ஆலையின் இரைச்சலுக்கு நடுவே சொல்கிறார். அந்த நொடியில் கணக்கின் ஒவ்வோர் எண்ணுக்கும் அவர் பொறுப்பாளியாகிவிடுகிறார். அவர் பார்த்திராத, பார்த்தாலும் படிக்க முடியாத ஓர் ஆவணத்துக்கு உறுதிமொழி கொடுத்தவராகிவிடுகிறார்.

அரசு எப்போதும் இப்படித்தான் இருந்ததா? 1955 ஏப்ரல் 11ஆம் நாள் அன்றைய மத்திய வருவாய் வாரியம் வெளியிட்ட 14ஆம் எண் சுற்றறிக்கை, வரி செலுத்துபவரின் அறியாமையை அதிகாரிகள் ஆதாயமாக்கிக்கொள்ளக் கூடாது என்றும், அவருக்கு உரிய நிவாரணங்களை எடுத்துச் சொல்லி உதவுவது அவர்களின் கடமை என்றும் அறிவுறுத்தியது. நீதிமன்றங்கள் இன்றும் அந்தச் சுற்றறிக்கையை எடுத்துக்காட்டுகின்றன. 2006இல் சட்டத்தில் 139பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, பயிற்சி பெற்ற வரிக் கணக்குத் தயாரிப்பாளர்களை அரசே உருவாக்கும் திட்டம் கொண்டுவரப்பட்டது. ஆனால் தொழிலாளர் குடியிருப்புகளில் இன்று ஆட்சி செய்வது ஜெராக்ஸ் கடைதான். 2003இல் அமைக்கப்பட்ட வருமான வரிக் குறைதீர்ப்பாளர் அமைப்பை மத்திய அமைச்சரவை 2019 பிப்ரவரியில் ஒழித்தது. புகார்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று காரணம் கூறப்பட்டது. மக்களுக்குத் தெரியாத கதவை யாரும் தட்டவில்லை என்பதற்காக அந்தக் கதவையே சுவராக்கிவிட்டார்கள்.

2020 ஆகஸ்ட் 13 அன்று பிரதமர் வரி செலுத்துவோர் சாசனத்தை வெளியிட்டார். முகமற்ற மதிப்பீடு ஊழலை ஒழிக்கும் என்றார். இலஞ்சம் கேட்கும் முகம் மறைவது நல்லதே. ஆனால் அதோடு கேள்விக்குப் பதில் சொல்லும் முகமும் மறைந்துவிட்டது. நாடு முழுவதற்குமான கணக்குகளைக் கணினியில் சரிபார்க்கும் மையம் பெங்களூருவில்தான் இருக்கிறது. நம் தோழர் வசிப்பதும் அதே நகரம். பேருந்து ஏறினால் போய்விடலாம். ஆனால் போய் யாரிடம் பேசுவது?

பெரியவரின் பிழையும் எளியவரின் பிழையும்

உலகின் மிகப்பெரிய கணக்கு நிறுவனங்களில் ஒன்றான பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கூப்பர்ஸ், 2000-01 மதிப்பீட்டு ஆண்டுக்கான தன் சொந்த வருமானக் கணக்கிலேயே ஒரு பிழை செய்தது. பணிக்கொடைக்காக ஒதுக்கிய தொகையை வருமானத்தோடு திரும்பச் சேர்க்க மறந்துவிட்டது. துறை அபராதம் விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இது மறைப்பு அன்று, மனிதர்கள் செய்யக்கூடிய கவனக்குறைவான பிழை என்று கூறி, 2012 செப்டம்பரில் நீதிமன்றம் அபராதத்தை நீக்கியது.

இத்தீர்ப்பு சரியானது, வரவேற்கத்தக்கது. ஊருக்கெல்லாம் கணக்குப் பார்க்கும் நிறுவனமே மறக்கிறது என்றால், 500 ரூபாய்க்கு ஒருவர் தட்டச்சு செய்த கணக்கில் பிழை நேர்வது வியப்பா? அந்தத் தீர்ப்பின் கோட்பாடு ஓய்வுபெற்ற தொழிலாளிக்கும் பொருந்தும். ஆனால் அதைக் கோரிப் பெற உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் வலிமை அவருக்கு இல்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்கும் தொகை வரிப் பாக்கியைவிட அதிகமாகும். ஆகவே அவர் கடன் வாங்கிக் கட்டிவிடுகிறார். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பதன் நடைமுறைப் பொருள் இதுதான்.

அரசே ஒருமுறை உண்மையை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரி 1ஆம் நாள் இடைக்கால நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர், சரிபார்க்கப்படாத, கணக்கு ஒத்துப்போகாத சிறு வரிப் பாக்கிகள் 1962 முதலே ஏடுகளில் கிடக்கின்றன என்றும், அவை நேர்மையானவர்களுக்கு மனவேதனை தருகின்றன என்றும் கூறினார். 2009-10 வரையிலான ஆண்டுகளுக்கு 25,000 ரூபாய் வரையும், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய் வரையும் உள்ள பாக்கிகள் கைவிடப்பட்டன. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பயனடைவார்கள் என்றார். ஒரு கோடிப் பேரின் தலைமேல் சரிபார்க்கப்படாத கடன் ஆண்டுக்கணக்கில் தொங்கியிருக்கிறது என்பதே இதன் பொருள். 2015க்குப் பிந்தைய பாக்கிகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

இதே அரசு 2019 செப்டம்பர் 20 அன்று, ஒரே அறிவிப்பில் நிறுவன வரியின் அடிப்படை விகிதத்தை 22 விழுக்காடாகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 விழுக்காடாகவும் குறைத்தது. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அரசே அறிவித்தது. செல்வ வரி 2015இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. இன்று தனிநபர் வருமான வரி வசூல் நிறுவன வரி வசூலை விஞ்சி நிற்கிறது. பெருமுதலாளிக்குப் படிவம் நிரப்பும் சிரமம்கூட இல்லாமல் சலுகை வீடு தேடி வருகிறது. தொழிலாளிக்குச் சட்டம் கொடுத்த நிவாரணம் ஒரு படிவம் விடுபட்டதால் பறிபோகிறது.

நமக்குள் ஒரு கேள்வி

தோழர்கள் சிலர் இரண்டு ஆட்சேபங்களை எழுப்பக்கூடும்.

முதலாவது: வருமான வரி நடுத்தர வர்க்கத்தின் கவலை, கூலித் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இது எதற்கு? இக்கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. நாட்டின் உழைப்பாளர்களில் மிகப் பெரும்பாலோர் வருமான வரி வரம்புக்குக் கீழே வாழ்கிறார்கள். ஆனால் போக்குவரத்து, மின்சாரம், வங்கி, காப்பீடு, ரயில்வே, பொதுத்துறை ஆலைகள் ஆகியவற்றின் ஊழியர்களும் ஓய்வூதியர்களும் நம் இயக்கத்தின் முதுகெலும்பு. போராடிப் பெற்ற நிலுவைத் தொகையைக் காப்பாற்றுவது போராட்டத்தின் கடைசிக் கட்டம். ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும் நம் வேலை முடிந்துவிட்டதாக நினைத்ததால்தான் அந்த 67,000 ரூபாய் போனது. நிலுவைத் தொகை வழங்கப்பட்ட அன்றே 10ஈ படிவம் பற்றி ஆலை வாயிலில் ஒரு துண்டறிக்கை கொடுத்திருந்தால் போதுமாயிருந்தது. அந்தத் தவறில் நமக்கும் பங்குண்டு.

இரண்டாவது ஆட்சேபம் கூடுதல் கவனத்துக்குரியது. பொய்க் கழிவுகளைக் காட்டிப் பணம் திரும்பப் பெற்றவர்களுக்கும் நாம் பரிந்து பேச வேண்டுமா? 2025 ஜூலை 14 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் நாடு முழுவதும் பல இடங்களில் சோதனை நடத்தியது. தரகர்கள் தரகுப் பணம் வாங்கிக்கொண்டு, இல்லாத வாடகை, இல்லாத கல்விக் கடன், இல்லாத மருத்துவச் செலவு, கொடுக்காத கட்சி நன்கொடை ஆகியவற்றைக் கணக்கில் எழுதியிருந்தது வெளிப்பட்டது. பொதுத்துறை ஊழியர்களும் அரசு ஊழியர்களும் அவர்களின் வாடிக்கையாளர்களாக இருந்தனர். தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கி மொத்தமாகத் தாக்கல் செய்துவிட்டு அவற்றைக் கைவிட்டதால், துறையின் அறிவிப்புகள் படிக்கப்படாமலே கிடந்தன என்று வாரியமே கூறியது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கோரல்களைத் தாமாகவே திரும்பப் பெற்றிருந்தனர்.

பொய்க் கழிவை நாம் ஆதரிக்க முடியாது. வரி என்பது மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போக வேண்டிய பணம். பெருமுதலாளியின் வரி ஏய்ப்பைக் கண்டிக்கும் வாய் சிறிய ஏய்ப்பை மட்டும் கண்டுகொள்ளாமல் இருக்க இயலாது. "ஆடிட்டர் 40,000 ரூபாய் வாங்கித் தந்தார்" என்று பெருமையாகப் பேசும் தோழரிடம், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். தெரிந்தே பொய் சொன்னவர், கேள்வி கேட்காமல் பணத்தை வாங்கிக்கொண்டவர், எதுவுமே அறியாமல் ஓடிபி சொன்னவர் ஆகிய மூவரும் ஒன்றல்லர். துறையும் நாமும் இந்த வேறுபாட்டைப் பேண வேண்டும். குறைத்துக் காட்டிய வருமானத்தின் வரியில் 50 விழுக்காடும், திரித்துக் காட்டியதாகக் கருதினால் 200 விழுக்காடும் அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கோட்டை எங்கே இழுப்பது என்பது ஒரு குடும்பத்தின் வாழ்வைத் தீர்மானிக்கும் கேள்வி.

அறிவிப்பு வந்தால்

இந்த நிலையில் சிக்கியுள்ள தோழர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். இங்குள்ள விதிகள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சார்ந்தவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறும்.

முதலில் அஞ்ச வேண்டாம். ஆனால் ஒத்திப்போடவும் வேண்டாம். பாக்கியைக் கட்ட 30 நாள் அவகாசம் உண்டு. அதன் பிறகு மாதம் 1 விழுக்காடு வட்டி ஓடும். மேல்முறையீட்டுக்கும் 30 நாள்தான். கடவுச்சொல்லை மாற்றி, நம் சொந்தக் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பதிவு செய்ய வேண்டும். தாக்கல் செய்த கணக்கையும் அறிவிப்பையும் பதிவிறக்கம் செய்து, படிவம் 16, படிவம் 26ஏஎஸ், ஆண்டுத் தகவல் அறிக்கை ஆகியவற்றோடு வரி வரியாக ஒப்பிட வேண்டும். அறிவிப்பில் "தாங்கள் காட்டியது", "துறை கணக்கிட்டது" என இரண்டு பத்திகள் இருக்கும். எந்த வரியில் எண்கள் பிரிகின்றனவோ அங்கே பிழை இருக்கிறது.

பாக்கி உண்மையானதென்றால் கட்டிவிடுவதே நல்லது. தவறென்றால், இணையதளத்தில் அந்தப் பாக்கியை ஏற்கவில்லை என்று காரணத்தோடு பதிவு செய்ய வேண்டும். மதிப்பீட்டு ஆண்டின் டிசம்பர் 31க்குள் என்றால் திருத்திய கணக்கு கொடுக்கலாம். அதன் பின்னரும், ஆணை பிறந்த நிதியாண்டின் முடிவிலிருந்து நான்காண்டுகளுக்குள் பிழை திருத்த மனு கொடுக்க இயலும். விடுபட்ட வருமானத்தைத் தாமாகச் சேர்த்துக் கூடுதல் வரி கட்டும் புதுப்பித்த கணக்கை நான்காண்டுகள் வரை கொடுக்கலாம். 25 முதல் 70 விழுக்காடு வரை கூடுதல் வரி உண்டு. ஆனால் வரியைக் குறைத்துக்கொள்ள அந்த வழி உதவாது. பழைய பாக்கிக்காக இவ்வாண்டுத் தொகையைப் பிடித்துக்கொள்ளும் முன் துறை முன்னறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். டெல்லி உயர் நீதிமன்றம் 2013 மார்ச் 14 அன்று, தானாகவே எடுத்துக்கொண்ட வழக்கில் இதை வலியுறுத்தியது.

தாக்கல் செய்தவரிடம் நடந்ததை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். கட்டணம் கொடுத்ததற்கான சான்றைப் பாதுகாக்க வேண்டும். பிழை நேர்மையாக நேர்ந்தது என்பதை நிறுவ இவை உதவும்.

நம் தோழரும் இவ்வழியில் நடந்தார். சங்கத்தின் உதவியோடு விடுபட்ட படிவத்தைத் தாக்கல் செய்தார். பிழை திருத்த மனு கொடுத்தார். முதல் மனு ஒற்றை வரியில் நிராகரிக்கப்பட்டது. இரண்டாவது மனு, நான் இதை எழுதும் நாளில், இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

நம் கோரிக்கைகள்

அந்த அறிவிப்பைத் தோழருக்குத் தமிழில் சொன்னபோது ஒரு சொல்லில் நான் தடுமாறினேன். டிமாண்ட் என்ற சொல்லை நம் தீர்மானங்களிலும் அறிக்கைகளிலும் "கோரிக்கை" என்றே தமிழாக்கி வந்திருக்கிறேன். அது எப்போதும் தொழிலாளி அரசை நோக்கி எழுப்புவது. அன்று முதன்முறையாக அது அரசு தொழிலாளியை நோக்கி நீட்டிய தாளில் இருந்தது. அதைத் திருப்பி நீட்ட வேண்டிய நேரம் இது.

ஊதியம், ஓய்வூதியம், வங்கி வட்டி தவிர வேறு வருமானம் இல்லாதவர்களின் கணக்கை, தன்னிடமே உள்ள தகவல்களைக் கொண்டு அரசே நிரப்பி, சரிபார்த்து, ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். அறிவிப்புகள் எட்டாவது அட்டவணை மொழிகளில், வரி செலுத்துபவர் தேர்ந்தெடுக்கும் மொழியில் வர வேண்டும். 10ஈ போன்ற படிவம் விடுபட்டதற்காகச் சட்டம் வழங்கிய நிவாரணத்தை மறுக்காமல், அதைத் தாக்கல் செய்ய ஒரு வாய்ப்பு அளித்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். நிலுவைத் தொகைக்கான நிவாரணக் கணக்கை முதலாளியே தயாரித்துத் தாக்கல் செய்வது கட்டாயமாக்கப்பட வேண்டும். கட்டணம் பெற்றுக் கணக்குத் தாக்கல் செய்வோர் அனைவரும் பதிவு செய்யப்பட்டு, ஒவ்வொரு கணக்கிலும் தம் பெயரைக் குறிப்பிட வேண்டும். அவர்களின் கவனக்குறைவால் விளையும் வட்டியும் அபராதமும் அவர்களையே சேர வேண்டும். ஒழிக்கப்பட்ட குறைதீர்ப்பாளர் அமைப்பு மாவட்டந்தோறும் மீண்டும் நிறுவப்பட வேண்டும்.

இவை நிறைவேறும் வரை சங்கங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை வாரத்தில் ஒரு மாலை, வங்கி, காப்பீட்டு ஊழியர் சங்கத் தோழர்களின் துணையோடு வரிக் கணக்கு உதவி மையம் நடத்த இயலும். ஓய்வுபெற்ற கணக்குப் பிரிவுத் தோழர்கள் நம்மிடையே ஏராளம். ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் நிலுவைத் தொகையின் வரி பற்றியும் உறுப்பினர்களுக்கு விளக்க வேண்டும். பெங்களூருத் தோழரின் சங்கம் சென்ற ஜூலையில் இதைத் தொடங்கிவிட்டது. மையத்தில் முதல் நாற்காலியில் அமர்ந்து, வருபவர்களின் படிவம் 16ஐ வாங்கி, "நிலுவைத் தொகை ஏதேனும் வந்ததா?" என்று கேட்பவர் அவர்தான்.